சீம்பால் நிற ஜீப்

என் கணவர் காக்களூர் தொழிற்பேட்டையில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்ப்ரே கன் பிடித்தவர். லாரித் தொட்டி, தண்ணீர் டேங்க், காடு மேடு ஏறுகிற ஜீப் என்று எது வந்தாலும் அதன் மேல் லைனர் கோட்டிங் அடிப்பதுதான் அவர் வேலை. அது பெயிண்ட் மாதிரி வழவழப்பாக இருக்காது. காய்ந்ததும் சொரசொரவென்று ஒரு தடித்த தோல் போல இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கல் பட்டாலும் முள் கீறினாலும் அசையாது. மழைத்தண்ணீர் உள்ளே போகாது. யார் யார் வண்டிக்கோ அந்தத் தோலைப் போர்த்திவிட்டவர், எங்கள் ஜீப்புக்கு மட்டும் "அடுத்த மாசம்" என்றே பல வருஷம் ஓட்டினார்.

நான் மாட்டு டாக்டர். திருவள்ளூரில் வீட்டின் முன்பகுதியிலேயே கிளினிக் வைத்திருக்கிறேன். ஆனால் காய்ச்சல் வந்த மாடு கிளினிக்கைத் தேடி வராது. நான்தான் போக வேண்டும். திருப்பாச்சூர் பக்கம் தொடங்கி, பள்ளிப்பட்டு தாண்டி ஆந்திரா எல்லை வரைக்கும் போவேன். ஏரிக்கரை, கரும்புத் தோட்டத்து வண்டிப்பாதை, மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. அதற்காகவே பள்ளிப்பட்டுக்காரர் ஒருவரிடமிருந்து பழைய ஜீப் ஒன்றை வாங்கினோம். கரும்பச்சை நிறம். சீமைக்கருவேல முள் இரண்டு பக்கமும் கோடு கோடாய்க் கிழித்திருந்தது. மாடு கொம்பால் இடித்த பள்ளங்கள் இருந்தன. கதவுக்குக் கீழே துரு பிடித்து, சாவியால் குத்தினால் உதிரும்.

வெயில்தான் பெரிய தொல்லை. கத்திரியில் ஒரு மணி நேரம் வெளியே நிறுத்தினால் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். தடுப்பூசிப் பெட்டியில் போட்ட ஐஸ் மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிடும். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் கதவுப் பிடியைத் தொடுவேன்.

"வெள்ளையா அடிச்சிக் குடுங்க" என்று கேட்பேன்.

"அடுத்த மாசம்" என்பார்.

அந்த அடுத்த மாசம் வருவதற்குள் அவருக்கு மூச்சு கெட்டுப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு எழுந்து செருப்பு மாட்டக் குனிந்தவர், நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு முன்னாடியும் இருமல் இருந்தது. தூசி, பனி, ஐஸ் தண்ணி என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்வார். நானும் கேட்டுக்கொண்டு போய்விடுவேன். அன்றைக்குப் பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தேன்.

"இன்னா, என்னையும் மாடாக்கிட்டியா?" என்று சிரித்தார்.

"திரும்புங்க. மூச்சை இழுத்து விடுங்க."

முதுகில் வைத்துக் கேட்டேன். உள்ளே மெல்லிசாக விசில் சத்தம். ஒரு விசில் இல்லை. பல இடத்திலிருந்து, வேறு வேறு சுருதியில். எத்தனையோ ஆட்டுக்கும் கன்றுக்கும் நெஞ்சில் குழாய் வைத்து, இது சளி, இது நிமோனியா என்று சொன்னவள் நான். ஒரே பாயில் படுக்கிற மனுஷனின் முதுகில் அதுவரை ஒரு தடவைகூட வைத்ததில்லை. குழாயைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாது என்று இருந்தது.

சென்னையில் நுரையீரல் டாக்டரைப் பார்த்தோம். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். கோட்டிங் இறுகுவதற்குக் கலக்கிற ஹார்டனரைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்க உடம்பு அதை அடையாளம் தெரிஞ்சு வெச்சிருக்கு. இனிமே துளி பட்டாலும் சண்டைக்கு நிக்கும். வேற வேலை எது வேணாலும் செய்யுங்க. அது அடிக்கிற இடத்துக்குள்ள மட்டும் கால் வைக்காதீங்க."

"மாஸ்க் போட்டுக்கினா?" என்று கேட்டார் இவர்.

"மாஸ்க் போட்டும் வேணாம். இத்தனை வருஷம் போட்டீங்களா?"

இவர் மருந்துச் சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்த மாசங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய கைகள்தான். சும்மா இருக்கத் தெரியாத கைகள். என் மருந்து அலமாரியை மூன்று தடவை அடுக்கினார். வீட்டில் இருந்த எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் விட்டார். வேலூரில் படிக்கிற மகள் லீவுக்கு வந்தபோது, அவள் சைக்கிளைத் தனித்தனியாகக் கழற்றிப் பூட்டினார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காக்களூர் பக்கம் மட்டும் போகமாட்டார். அந்த வழியாகப் போகிற ஷேர் ஆட்டோவில்கூட ஏறமாட்டார். பட்டறை முதலாளி நல்ல மனுஷர். "கணக்கு பாக்க வா, சரக்கு எடுக்க வா" என்று போன் மேல் போன் போட்டார். இவர் "பாக்கலாண்ணே" என்று சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

அந்த வருஷம் வெயில் முன்னாடியே வந்துவிட்டது. இனி இவரை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை என்று, காக்களூர் பேச்சை எடுக்காமல், கும்மிடிப்பூண்டி பக்கம் இருந்த ஒரு பட்டறையில் விசாரித்தேன். கூட வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். "சும்மா பாத்துட்டு வரலாம்" என்று ஏறிக்கொண்டார்.

அங்கே போய் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. தூரத்தில் ரோட்டோரமாகவே நிறுத்தச் சொல்லி, அங்கே நின்றிருந்த வேறொரு ஜீப்பைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒருத்தர் அதன் கதவைத் துணியால் துடைத்துவிட்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டியைத் திருப்பு" என்றார்.

"ஏங்க?"

"துருவைச் சுரண்டாம மேலயே அடிக்கப் போறான். ஆறு மாசத்துல உள்ளுக்குள்ளயே தின்னுக்கினு போயிடும். வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. கதவு கையோட வரும் ஒரு நாளு."

திரும்பி வருகிற வழி முழுக்கப் பேசினார். இரும்பை எப்படிச் சொரசொரப்பாக்க வேண்டும், ஈரம் இருந்தால் என்ன ஆகும், வெளிர் நிறத்தில் அடிப்பது ஏன் கஷ்டம், எல்லாம். "கறுப்புல தப்பு தெரியாது. வெள்ளைன்னா மூடி மூடி அடிக்கணும். ஒரு எடம் மெல்லிசா உட்டாலும் பச்சை எட்டிப் பாக்கும். அதுக்கே பாதிப் பேரு கறுப்புலயே அடிச்சிக்க சொல்லிடுவானுங்க." மாசக்கணக்காக அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பெரியபாளையம் வந்ததும் டீ குடிக்க நிறுத்தினோம். டம்ளரை வைத்துக்கொண்டு சொன்னேன்:

"அப்ப நானே அடிக்கறேன்."

"இன்னாது?"

"நீங்க உள்ள வரக்கூடாது. நான் வரலாம் இல்ல? நீங்க சொல்லுங்க. நான் அடிக்கறேன்."

டீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் மூச்சுக்கு இழுக்கிற மருந்துப் பம்ப்பை எடுத்துக் கொடுத்து, அவர் இரண்டு தடவை இழுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாட்டுக்கு ஊசி போடறதுன்னு நினைச்சியா?" என்றார். ஆனால் மறுநாள் காலையில் நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வாளித் தண்ணீரும் உப்புத்தாளுமாக ஜீப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

தேய்ப்பது அவரால் முடிந்தது. தூசி பறக்காமல் தண்ணீர் விட்டு, கையாலேயே தேய்த்தார். கொஞ்ச நேரம் தேய்ப்பார், கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்காருவார். நான் ரவுண்டு போக ஆட்டோ வைத்துக்கொண்டேன். கீழ்ப்பகுதியில் துரு தின்ற தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்க மட்டும் ஆளைக் கூப்பிட்டார். பள்ளங்களுக்குப் பட்டி வைத்து இழைத்தார். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நான் வந்ததும், "இங்க கை வெச்சிப் பாரு" என்று ஒரு இடத்தைக் காட்டுவார். தடவிப் பார்ப்பேன். "இன்னா தெரியுது?" என்பார். "ஒண்ணும் தெரியலையே" என்றால், "அதான்" என்று சந்தோஷப்படுவார்.

நிறம் முடிவாகத்தான் நாளானது. முதலாளியிடம் சொல்லி, நாலு டப்பா மூடிகளில் நாலு வெளிர் நிறம் அடித்து, நன்றாகக் காயவைத்துக் கொடுத்தனுப்பச் சொன்னார். அவற்றை மொட்டை மாடியில் வெயிலில் வரிசையாக வைத்தோம். மத்தியானம் ஒரு மணிக்கு மாடிக்குப் போய் ஒவ்வொன்றின் மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுத்த வெள்ளை குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்கவே கண் கூசியது. சாம்பல் சுட்டது. மூன்றாவது மூடி, வெள்ளையில் துளி மஞ்சள் சேர்ந்த ஒரு நிறம்.

"இது நல்லா இருக்கு. இந்தக் கலருக்குப் பேர் இன்னா?"

"இவனுங்க ஒரு நம்பர் வெச்சிருப்பானுங்க."

"சீம்பால்" என்றேன். கன்று போட்ட அன்றைக்கு மாட்டின் மடியிலிருந்து வருகிற முதல் பால் அச்சு அசல் அந்த நிறம்தான்.

முதலாளிக்குப் போன் போட்டு, "அண்ணே, சீம்பால் கலரு" என்று இவர் சொன்னதும், அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. மூடியின் பின்னால் எழுதியிருந்த நம்பரை அப்புறம்தான் படித்துச் சொன்னார்.

பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு ஷெட்டை எங்களுக்கு விடுவதாக முதலாளி சொன்னார். வெள்ளிக்கிழமையே ஜீப்பைக் கொண்டுபோய் விட்டோம். உள்ளே எதுவும் அடிக்காத நேரமாகப் பார்த்து, முற்றத்தில் வைத்தே கண்ணாடி, விளக்கு, டயர் எல்லாவற்றுக்கும் பேப்பர் ஒட்டி டேப் போட்டார் இவர். பல மாசம் கழித்துக் காக்களூருக்குள் வந்தவர், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டேப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலேயே எனக்கு வேஷம் கட்டினார். தலையையும் சேர்த்து மூடுகிற வெள்ளை உடுப்பு. அதற்குள் முடியெல்லாம் அடங்கவில்லை. பின்னலைச் சுருட்டி, என் ஹேர்பின்னை வாயில் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குத்தினார். கல்யாணமான புதிதில்கூட அவர் என் தலைமுடியைத் தொட்டுக் கட்டியதில்லை. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் டேப் சுற்றினார். காலுக்குச் சுற்றினார். ஒரு சுற்று சுற்றிவிட்டு, விரலை விட்டுப் பார்த்து, இன்னொரு சுற்று. முகத்தை முழுக்க மூடுகிற மாஸ்க்கைப் பட்டறையிலிருந்து வாங்கி வந்திருந்தோம். அதற்கு முதுகுப் பக்கமிருந்து ஒரு குழாய் வழியாக, ஷெட்டுக்கு வெளியிலிருந்து நல்ல காற்று வரும். அதை மாட்டி, ஓரமெல்லாம் விரலால் அழுத்திப் பார்த்து, "காத்து போவுதா? கண்ணு எரியுதா? ஊதிப் பாரு" என்று பத்துத் தடவை கேட்டார்.

"இவ்ளோ கட்டணுமா?"

"கட்டணும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இவர் ஷெட்டுக்குள் வரக்கூடாது, பக்கத்திலேயே வரக்கூடாது என்று நான் கண்டிஷன் போட்டிருந்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்த்து, அந்தப் பக்கமாகவே, இரண்டு தெரு தள்ளி, ஒரு டீக்கடையில் உட்காரவைத்தேன். ஷெட்டுக்குள்ளே ஒரு ஏணியில் என் போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, வீடியோ கால் போட்டோம். என் காதில் ப்ளூடூத். முதலாளி வெளியே கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டார்.

ஸ்ப்ரே கன்னுக்கு அடியில் ஒரு பாட்டில் இருக்கும். அதில் சரக்கும் ஹார்டனரும் கலந்து, நன்றாகக் குலுக்கி மாட்ட வேண்டும். கலந்துவிட்டால் நிறுத்தக் கூடாது. நேரம் போனால் பாட்டிலுக்குள்ளேயே இறுகிக் கல்லாகிவிடும். ஒரு பக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வந்து அடித்தால், சேர்ந்த இடத்தில் கோடு விழும். இதெல்லாம் எனக்கு முந்தின வாரமே பழைய அட்டைப்பெட்டி மேல் தண்ணீரை அடித்துப் பழக்கி வைத்திருந்தார்.

"பானெட்டுல ஆரம்பி" என்றது காதில் அவர் குரல். "ஒண்ணரை முழம் தள்ளி நில்லு. கை முதல்ல போவணும், அப்பால விசையை அழுத்து. முடிக்கும்போது விசையை உடு, அப்பால கையை நிறுத்து. போ."

அழுத்தினேன். கன் உறுமியது. கரும்பச்சை மேல் வெள்ளைத் துளிகள் தெறித்து உட்கார்ந்தன. முதல் பூச்சு மெல்லிசாக, தூவினாற்போல இருக்க வேண்டும் என்பார். அதனால் வண்டி பச்சையும் வெள்ளையுமாக, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. ஒரு பக்கம் முடித்து, ஏணியைத் தூக்கி அடுத்த பக்கம் வைப்பேன். அவருக்குத் தெரிகிறதா என்று கேட்பேன். "கொஞ்சம் திருப்பு. ஆங். போ."

அவர் அதிகம் பேசுகிற மனுஷர் இல்லை. இருபது வருஷக் கல்யாணத்தில் நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தால், மளிகை சாமானும் மகள் படிப்பும் போக மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று தெரியாது. அன்றைக்கு என் காதுக்குள் மூன்று மணி நேரம் பேசினார். "மெதுவா. இன்னும் மெதுவா. போன கோட்டுல பாதி மேல ஏறிப் போவணும். ஆங், அப்டித்தான். மணிக்கட்டை வளைக்காத. தோள்லேர்ந்து வரணும். டாக்டரு கையாச்சே, நடுங்காது. அடிச்சிக்கினே போ." வெளியே கம்ப்ரஸர் சத்தம், ஷெட்டின் ஃபேன் சத்தம். அதற்குள்ளே அவர் குரல் மட்டும் பக்கத்துத் தலையணையிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

டிரைவர் பக்கக் கதவில் தவறு செய்தேன். குழாய் காலில் இடறியது. அதை உதறியபோது கை கதவுக்குக் கிட்டத்தில் போய்விட்டது. ஒரே இடத்தில் சரக்கு அதிகமாக விழுந்து, கண் முன்னாலேயே மெல்ல வழிந்து இறங்கியது.

"ஐயோ, போச்சுங்க."

"போவட்டும். அதைப் பாக்காத."

"வழியுதுங்க."

"வழியட்டும். தொடாத. நீ அடுத்த எடத்துக்குப் போ. போயிக்கினே இரு."

போனேன். முதல் பூச்சு முடிந்து, காயவிட்டு, வெளியே வந்து தண்ணீர் குடித்து, மறுபடி உள்ளே போய் இரண்டாவது பூச்சு தொடங்கினேன். இது அழுத்தமான பூச்சு. பச்சை ஒவ்வொரு இடமாக மறைந்துகொண்டு வந்தது. கடைசியாக மேற்கூரை. ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கையை நீட்டி நீட்டி அடித்துக்கொண்டிருந்தேன். காதில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஏன் பேசல?"

"பாத்துக்கினு இருக்கேன். நல்லா விழுது. பஞ்சு மாதிரி விழுது."

அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் குழா இடறுது இல்ல?" என்றார்.

"ஆமாங்க. ரொம்ப."

"எனக்கும் இடறும். அதுக்குத்தான் மாட்ட மாட்டேன்."

நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

"பட்டறையில அந்த மாஸ்க் முதல்லேர்ந்தே இருந்துது. அண்ணன் வாங்கித்தான் வெச்சிருந்தாரு. நாந்தான் பீரோவுல தொங்க உட்டுட்டேன். டாக்டராண்ட வாயே தொறக்கல நானு. சும்மா கர்ச்சீப்பு கட்டிக்கினு அடிப்பேன். குழாயை இழுத்துக்கினு அடிச்சா ஒரு நாளைக்கு ஒரு வண்டி. இல்லாம அடிச்சா ரெண்டு, காசும் ரெட்டிப்பு." மூச்சு வாங்கியது அவருக்கு. "அப்ப நீ படிச்சிக்கினு இருந்த."

அவ்வளவுதான் சொன்னார்.

நான் காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கும்போது எங்களுக்குக் கல்யாணம். இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒரே ஊரில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் தெருவில் டாக்டருக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். மிச்சமிருந்த மூன்று வருஷமும் அவர் சம்பளத்தில்தான் படித்தேன். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினால், அவர் புருவத்திலும் காதோரத்திலும் கறுப்புத் துளிகள் ஒட்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவேன். மூக்குக்குள்ளே போனதை யார் துடைப்பது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மாட்டின் நுரையீரலைப் படம் போட்டு பாகம் குறித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

கையை நிறுத்தினால் கூரையில் கோடு விழும். பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. மாஸ்க்குக்குள் கண்ணைத் துடைக்க முடியாது. கண்ணாடி மங்கியது. அந்த மங்கலுக்குள்ளேயே கையை முன்னால் விட்டு, விசையை அழுத்தி, விசையை விட்டு, கையை நிறுத்தி, மறுபடி கையை முன்னால் விட்டு.

"அழுவுறியா?" என்று கேட்டார்.

"இல்லையே."

"ஓரத்துல ஒரு எடம் பச்சை தெரியுது பாரு. சோத்தாங்கைப் பக்கம்."

"எங்க?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆங். அங்கதான். மூடு."

மூடினேன். கன்னை வைத்துவிட்டு, வெளியே வந்து, மாஸ்க்கைக் கழற்றி, உடுப்பைக் கழற்றி, அதையெல்லாம் பட்டறையிலேயே கட்டிப் போட்டேன். முதலாளி வீட்டில் சோப்பு போட்டுத் தலைக்குக் குளித்து, கொண்டுபோயிருந்த வேறு புடவை கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் அவரிடம் போனேன். டீக்கடை பெஞ்சில் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத ஷெட்டையே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் என்னாண்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ படிப்பை நிறுத்தியிருப்ப."

நிறுத்தியிருப்பேன். அது எனக்கும் தெரியும். அவர் முழங்கை மேல் கையை வைத்தேன். கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். "காலையிலேர்ந்து தனியா பேசிக்கினே இருக்காரும்மா" என்றார்.

நன்றாக இறுகும் வரை இவர் அதன் பக்கம் போகக் கூடாது என்பதால், ஜீப்பை ஒரு வாரம் ஷெட்டிலேயே விட்டோம். முதலாளி தினமும் போட்டோ அனுப்புவார். இவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். அடுத்த திங்கட்கிழமை வண்டியை வெளியே தள்ளி, வேப்பமரத்தடியில் நிறுத்திவைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள்.

இவர் முதலில் கிட்டே போகவில்லை. வண்டியைத் தள்ளி நின்று ஒரு சுற்று சுற்றி வந்தார். அப்புறம் பக்கத்தில் போய், உள்ளங்கையை விரித்து, பானெட்டிலிருந்து ஆரம்பித்துக் கதவு, பின்பக்கம் என்று தடவிக்கொண்டே போனார். கன்று போட்ட மாட்டை வீட்டுக்காரர்கள் தடவுகிற மாதிரியே இருந்தது எனக்கு. டிரைவர் பக்கக் கதவில் சரக்கு வழிந்து இறுகின இடத்தில் கை நின்றது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு திட்டு.

"தேச்சி எடுத்துட்டு மறுபடி அடிச்சிடலாமா?" என்று முதலாளி கேட்டார்.

"வேணாண்ணே, இருக்கட்டும்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "மீதியெல்லாம் என்னை விட நல்லா அடிச்சிருக்கா" என்றார். அது பொய். கூரையில் ஒரு இடம் சொரசொரப்பு அதிகம், ஒரு இடம் குறைவு. ஆனால் அந்தப் பொய்யை நான் வைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ பேசிவிட்டு வந்தார். பின்னால்தான் தெரிந்தது. குழாய் மாஸ்க் மாட்டாத ஆளைக் கன்னைத் தொடவிடாதே என்றும், அந்தக் குழாயை மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டால் காலில் இடறாது என்றும் சொல்லியிருக்கிறார். இப்போது அங்கே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

வெயில் தொல்லை ஒரேயடியாகத் தீர்ந்ததா என்றால், இல்லை. ஆனாலும் கதவைக் கையால் தொட முடிகிறது. ஐஸ் சாயங்காலம் வரைக்கும் நிற்கிறது. அழுக்குதான் பெரிய பேஜாரு. பள்ளிப்பட்டுச் செம்மண் அந்தச் சொரசொரப்புக்குள் போய் உட்கார்ந்தால் சும்மா துடைத்தால் வராது. தென்னை நார்க்கட்டையும் சோப்புத் தண்ணீரும் வேண்டும். அதை அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஓட்டுவதையும் எடுத்துக்கொண்டார். காலையில் நாஷ்டா முடிந்ததும் எனக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பார். ஊசி போடும்போது மாட்டுக் கயிற்றைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். மூச்சு பழையபடி ஆகவில்லை. பம்ப் இல்லாமல் வெளியே போவதில்லை. ஆனால் இன்னும் கெட்டுப்போகவும் இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை அவர் முதுகில் குழாய் வைக்கிறேன். முன்போல கிண்டல் செய்யாமல் சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி உட்காருகிறார்.

போன தை மாசம் பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். நாலு எருமை வைத்திருக்கிற ஒரு அம்மா. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்கள். அவர்கள் எருமைக் கன்றுக்குக் கழிச்சல். கொட்டகைக்குள் அதைப் பார்த்து, மருந்து கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே அந்த அம்மா சத்தம் போட்டார்கள்.

"ஐயையோ நைனா, உங்க வண்டி!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டவிழ்த்து விட்டிருந்த பெரிய எருமை ஒன்று ஜீப்பின் பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தையும் தோளையும் வைத்து மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வண்டி லேசாக ஆடியது. சீம்பால் நிறத்தில் சேறு அகலமாக அப்பிக்கொண்டு வந்தது. அந்த அம்மா குச்சியை ஓங்கிக்கொண்டு ஓடினார்கள்.

இவர் வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கையை நீட்டித் தடுத்தார்.

"உடும்மா. அதுக்கு எவ்ளோ நாளா அரிக்குதோ. நல்லா தேச்சிக்கட்டும்."

"கலரு போயிடாதா நைனா?"

"போவாது. எங்க ஊட்டம்மா அடிச்சது."

எருமை கழுத்தை முடித்துக்கொண்டு, பின்பக்கத்தைத் தேய்க்கத் திரும்பப் பார்த்தது. அந்தப் பக்கம் வேலி இருந்தது, உடம்பைத் திருப்ப இடம் போதவில்லை. இவர் மெதுவாக வண்டிக்குள் ஏறி, ஸ்டார்ட் செய்து, அது பயந்துவிடாத அளவுக்கு, வேலி முடிகிற இடம் வரை ஒரு நாலு அடி முன்னால் நகர்த்தி நிறுத்திவிட்டு இறங்கினார்.